தையல் மெஷினில் ஒரு விமானப் பரீட்சை

கொட்டகலை, இலங்கை,
14.08.1998

அன்புள்ள மச்சான் சோலைமலை அவர்களுக்கு,

இங்கு மழையும் நாங்களும் சுகம். அங்கு குன்னூரில் என் தங்கையும், எழுபத்து நான்கில் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறும்போது நீங்கள் தூக்கிச்சென்ற எங்கள் ரேடியோவும் சுகமாயிருக்க முருகன் அருள வேண்டும்.

உங்கள் கடிதம் போன மாதமே கிடைத்தது. தனுஷனை விமானப்படையில் விமானி வேலைக்கு மூளைப் பரீட்சை வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு வாழ்நாளில் ஒரே தடவைதான் உட்காரலாம், தேறிவிட்டால் "ஜெயந்தினி சம்பந்தத்தை அப்புறம் யோசிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அவன் தொட்டிலில் கிடந்தபோதே என் மகளுக்கு மாப்பிள்ளை என்று சொன்னவர் நீங்கள்தான். இருபத்துநாலு வருஷம் உதவி ஆசிரியராக இருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துரைராசா எங்கள் பள்ளிக்கூட அதிபர் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். இதற்கு மூடமாட்டேன். ஆகவே போன மாதம் பையன் இங்கே வந்திருந்தபோது நானே அவனுக்குப் பரீட்சை வைத்தேன். முதலிலேயே எச்சரித்தேன்: "எங்க வீட்டுலயும் ஒரே தடவதான். தவறினா பொண்ணு கெடையாது."

விமானிக்குக் கால் ஒரு வேலை, கை ஒரு வேலை, காது ஒரு வேலை, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று பையனே சொன்னான். நான் தையல் மெஷினின் பெடலைக் காலுக்குக் கொடுத்தேன். கையில் என் குடை. அதன் நுனி, வருஷம் முழுவதும் ஒரே தாளில் உள்ள சுவர்க் கலண்டரில், அவனுடைய நிஜப் பரீட்சை நாளான ஆகஸ்ட் பதினான்காம் திகதியை விட்டு விலகக் கூடாது. ஜெயந்தினி எண்களை வாசிப்பாள், அவன் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் மனைவி பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "ஏழு, மூணு, ஒம்பது" என்றாள் ஜெயந்தினி. பையன் அவள் முகத்தைப் பார்த்தான். கால் பறந்தது, குடை மே மாதத்துக்குப் போனது, அவன் சட்டை நுனி ஜாக்கெட்டோடு சேர்ந்து தைபட்டது. எண்கள் மட்டும் வரவில்லை. "மாமா, கத்தரிக்கோல் இருக்கா?" என்றான்.

இது எவ்வளவு எளிது என்று காட்ட நானே உட்கார்ந்தேன். அதை விரிவாக எழுத இந்தத் தாளில் இடமில்லை. புது வேட்டி வாங்க வேண்டும்.

அந்நேரம் தேயிலைக் கொழுந்துப் பையின் வாரைத் தைத்துக்கொள்ள பக்கத்து லயத்து வரிசை வீட்டு வேலாயி வந்தாள். முப்பது வருஷமாக இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கிறவள். "நா ஒக்காரவாங்க மாஸ்டர்?" என்று உட்கார்ந்தாள். பெடல் சீராக ஓடியது, குடை அசையவில்லை, எண்கள் தலைகீழாக வந்து விழுந்தன, மற்றக் கை பை வாரைத் தைத்தே முடித்துவிட்டது. நடுவில் வாசலுக்கு வந்த ஆட்டையும் திட்டினாள்.

"இதுக்குப் பேரு பரீட்சையாங்க? கால்ல அட்ட கடிக்கும், அதையும் புடுங்கிப் போடணும், கங்காணி கத்துறதுக்கும் பதில் சொல்லணும். அட்டைய எங்கங்க காணோம்?"

அட்டை இல்லாமலேயே உங்கள் மகன் தவறினான், மச்சான். அவன் ஆகாயத்துக்கும் ஆகமாட்டான், என் மகளுக்கும் ஆகமாட்டான். வேறு இடம் பாருங்கள். தங்கைக்கு என் ஆசிகள். நூல் பிரித்த சட்டை தனியாகத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத,
இராமையா

பி.கு.: தாளை ஒட்டுவதற்குள் உங்கள் தந்தி வந்தது. தனுஷன் தேறிவிட்டானாம்! அவன் மூளையைப் பற்றி எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். தை மாதம் முகூர்த்தம் பாருங்கள். ஒரே ஒரு சிக்கல். ஜெயந்தினியிடம் சொன்னால், "ஒரே தடவதான்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? அத்தான் தவறிட்டாரே" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள், ஆனால் விடாமல் சொல்கிறாள். ஆகவே மறுபரீட்சைக்குப் பையனை உடனே அனுப்பிவையுங்கள். மெஷின் ஊசியைக் கழற்றிவிட்டேன். கேள்வி மாறாது. விடை: ஒன்பது, மூன்று, ஏழு. வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லவும்.