அரணாக்கயிற்றில் ஒரு ஆபீஸ்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டரை எச்சில் படாமல் பயன்படுத்திய ஒரே மனிதர் அரணாக்கயிறுதான். நாமெல்லாம் சொம்பில் வாய் வைத்துக் குடிப்பவர்கள் என்றால், அவர் அண்ணாந்து குடிப்பவர்.

சூலூரில் நான் வேலை செய்யும் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்கு வாரம் இரண்டு நாள் டிசைன் போட வருவார். மற்ற நாட்களில் காரமடை, சோமனூர் என்று வேறு அச்சகங்கள். எங்கே போனாலும் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றமாட்டார். டிசைன் சாஃப்ட்வேர், தமிழ் எழுத்துகள், கால்குலேட்டர்கூட ஒரு பென்டிரைவுக்குள் இருந்தபடியே ஓடும். செருகினால் அவர் ஆபீஸ் திறக்கும். எடுத்துவிட்டால் அவர் வந்துபோன அடையாளமே இருக்காது.

"ஏனுங்க, இதெல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்களே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"அடுப்பு உங்களுதுங்க. பாத்திரம் நம்முளுது."

அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த இடம்தான் விசேஷம். இரண்டு பென்டிரைவ்களைப் பஸ்ஸில் தொலைத்தவர், மூன்றாவதை இடுப்பு அரணாக்கயிற்றோடு கட்டிவிட்டார். பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். சட்டையை லேசாகத் தூக்கி, இடுப்பிலிருந்து ஒரு சாண் கறுப்புக் கயிற்றை இழுப்பார். நுனியில் பென்டிரைவ் ஆடும். கயிறு எட்டவேண்டுமே, அதனால் சிபியூ பெட்டியை ஸ்டூலில் ஏற்றி, அவர் இடுப்போடு ஒட்டிக் கன்றுக்குட்டி மாதிரி நிறுத்துவோம். பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம், அவருக்குக் கரண்டு வைத்தியமுங்களா?" என்று விசாரித்தார்.

செருகிய கையோடு வைரஸ் பரிசோதனை நடக்கும். ஒரு தடவை பதினேழு வைரஸ் அகப்பட்டது. என் உடம்பிலிருந்து போனவை போல என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அரைச் சாண்தான் தள்ள முடிந்தது.

முதலாளியே வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்தபடி கும்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, எந்திரிச்சா எல்லாம் உருவிக்கும்" என்பார். தண்ணீர் குடிக்கப் போவதென்றால்கூட ஒவ்வொன்றாக மூடி, பென்டிரைவை முறைப்படி எடுத்து, போய்வந்து, மறுபடி ஒவ்வொன்றாகத் திறப்பார். தாகம் தீரப் பத்து நிமிஷம்.

என் மகள் கல்யாணப் பத்திரிகையும் அவர் கையால்தான். அதில் ஒரு சிக்கல். என் மனைவியின் அண்ணன், ஒரு காதுகுத்தில் முதல் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை என்று இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடத்த முடியாது. மனைவி போய் அழுததில், "பத்திரிக்கைல என்ற பேரு எங்க இருக்குதுன்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தவர் என் பெரியப்பா மகன். முதல் பெயர் அவருடையது. தாய்மாமன் ஒன்பதாவது. மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரணாக்கயிற்றிடம் மட்டும் புலம்பினேன்.

"எழுதிக் குடுத்ததத்தானுங்க நாம போட முடியும்" என்றார்.

பத்திரிகை திரையில் இருக்கும்போது மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் அச்சகத்துக்கே வந்துவிட்டார். "பொண்ணோட தாய்மாமனுங்க" என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வாங்க, வாங்க!" என்று அரணாக்கயிறு சடாரென்று எழுந்தார்.

பென்டிரைவ் தெறித்து வந்து அவர் தொடையில் அடித்தது. என் சொந்தக்காரர்கள் அறுபது பேரும் ஒரே நொடியில் மறைந்தார்கள்.

"என்னுங்க இது? என்ற பேரத் தேடுனா பத்திரிக்கையவே காணோம்?"

"மொத்தமும் போச்சுங்கய்யா. பெரியவங்க வந்தா எந்திரிக்காம இருக்க முடியுங்களா?"

மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாத்துக்கங்க மச்சான். ஒரு வேத்தாளுக்கு இருக்கற மருவாதி!"

அரணாக்கயிறு மறுபடி செருகி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தார். "பட்டியல் எங்கீங்க?" என்று என்னைக் கேட்டார். கீபோர்டுக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கை காட்டுவதற்குள் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"சரி விடுங்க, பெரியவரே இருக்காரு. அய்யா, தாய்மாமன் பேருக்கு முன்னால என்னங்க போடோணும்?"

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைப் பக்கத்தில் முதலில் ஏறியது அவர் பெயர். அடுத்து, "உங்க பெரியப்பா பையன் பேர ரெண்டாவதாப் போட்டுரலாமுங்க. இல்லீனா மனசு சங்கடப்படும்" என்று மச்சானே சொன்னார். ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். நடுவில், "உங்க பங்காளிக பேரே உங்களுக்குத் தெரியாதுங்களா மச்சான்?" என்று எனக்கு ஒரு திட்டு. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும், "பழைய ஃபைல் நெசமாவே போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே வேலைய ரெண்டு தடவ செஞ்சுபோட்டனுங்க" என்று கயிற்றை இடுப்புக்குள் செருகினார் அரணாக்கயிறு. "டீ சொல்லுங்க."

கல்யாணத்துக்கு மச்சான் விடிவதற்குள் சீர்த்தட்டோடு வந்துவிட்டார். குடும்பப் படம் எடுக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அரணாக்கயிற்றைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேடையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

புதுச் சம்பந்தி என் காதோரம் குனிந்தார். "அவரு உங்களுக்கு எந்த வழீல சொந்தமுங்க?"

"எங்கூட்டு ஆளுங்க" என்றேன்.