தலைவலி விசாரணைக் கூட்டம்

மகத்தான தலைவலிகள் மகத்தான தலைகளையே தேடி வருகின்றன. இதில் பிழைதிருத்துநருக்குச் சந்தேகமே கிடையாது. மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு மெய்ப்பு பார்ப்பவர் அவர். அவற்றில் பனியில் நடக்கிற கதாநாயகர்களுக்கெல்லாம் நெற்றிப்பொட்டில் வலி உண்டு. மூன்று மாதமாக அவருக்கும் அதே இடத்தில் வலி. எழுத்துகள் மங்கின, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ‘தரிசனம்’ தொடங்கிவிட்டதாக அவர் நம்பினார்.

பதிப்பகம் நம்பவில்லை. ஒரே பக்கம் நான்காம் முறையும் பிழையோடு திரும்பிய அன்று, மேலாளர் ‘அவசரக் கூட்டம்’ கூட்டினார்.

“இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைத்தான் பாக்கணும். காரணத்தைக் கண்டுபிடிங்க.”

“டியூப்லைட்தான் சார். சிமிட்டிக்கிட்டே இருக்கு,” என்றார் கணக்கர்.

“லைட்டு போன வாரம்தான் சிமிட்ட ஆரம்பிச்சுது. இவரு அதுக்கு முன்னாடியே சிமிட்டுறாரே,” என்றாள் தட்டச்சுக்காரி.

நாற்காலியின் உயரம் அளக்கப்பட்டது. ஜன்னல் திரை ‘தற்காலிகப் பணிநீக்கம்’ செய்யப்பட்டது. கடைசியில் பிழைதிருத்துநர் எழுந்து, தம் வலியின் வேர் மானுடத் துயரத்தில் இருக்கலாம் என்று தெரிவித்தார். அதுவும் கூட்டக் குறிப்பில் ஏறியது.

“அதுக்கெல்லாம் நம்மகிட்ட பட்ஜெட் இல்ல. கண் டாக்டரப் பாத்துட்டு வாங்க,” என்று மேலாளர் கூட்டத்தை முடித்தார்.

தனியாகச் சாலையைக் கடக்கப் பயந்து, பிழைதிருத்துநர் மறுநாள் மனைவியோடு போனார். மூளையில்தான் ஏதோ என்று உள்ளூர நடுக்கம். சொல்லிவிட்டுச் சாக ஒரு நல்ல வாக்கியம்கூடத் தயார்.

டாக்டர் அவர் கண்களைச் சோதித்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, மனைவியின் கண்ணாடியையும் வாங்கி வைத்துப் பார்த்தார்.

“சார், உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க கண்ணாடி இவங்க மூக்குல இருக்கு. இவங்களோடது உங்க மூக்குல.”

“ஒரே ஃப்ரேம் ரெண்டா எடுத்தா தள்ளுபடின்னாங்க டாக்டர்,” என்றாள் மனைவி.

“அப்போ உங்களுக்கும் தலை வலிச்சிருக்கணுமேம்மா.”

“வலிக்குது. மூணு மாசமா.”

“வீட்ல சொல்லலையா?”

“சொன்னேன். ‘என் தலைவலியப் பாத்து உனக்கும் ஒட்டிக்கிச்சு’ன்னார். எனக்குத்தான் முதல்ல வந்துது.”

டாக்டர் கண்ணாடிகளைத் துடைத்து, சரியான கைகளில் கொடுத்தார்.

“கண்ணு ரெண்டே நாள்ல சரியாயிடும் சார். காதுக்கு, மேல்மாடியில ஒரு டாக்டர் இருக்கார்.”