முகவரியைப் படிக்கக் கூடாது

நெடுங்குடை நாட்டு மன்னருக்குச் செங்கோல் கிடையாது. இணையதளம் உண்டு. அதில் வெளியானதே ஆணை. வெளியாகாதது வதந்தி.

மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவரே தேர்ந்தெடுக்கப்படுவதால் குழப்பம் ஏதும் நேர்ந்ததில்லை.

தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி இருந்தது. ஒரு கேள்விக்குறி, ஒரு சமக்குறி, பிறகு ஏழு இலக்கங்கள். புதிய ஆணை வந்தால் அதன் முகவரியை ஊர்ப் பலகையில் எழுதுவார்கள். மக்கள் அதைப் பார்த்து நியாயவிலைக் கடையின் பொதுத்திரையில் தட்டி ஆணையைப் படிப்பார்கள். ஓர் இலக்கம் தவறினால் வேறோர் ஆணை வரும். அதற்குக் கீழ்ப்படிந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

இராசகம்பீரனார் முகவரித்துறை அமைச்சரானதும் இதைச் சீர்திருத்தினார்.

"எண்கள் அழுக்கு," என்றார் அவையில். "இனி ஆணையின் தலைப்பே அதன் முகவரியாகும். முகவரியைப் படித்தாலே மக்களுக்கு அரசு புரியும். மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?"

அவை மேசையைத் தட்டியது. அதிகாரிகள் முகவரிகளை மனம்போல் மாற்றிவிடாதிருக்க ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. ஆணை அதன் முகவரியில் வாழ்கிறது. முகவரி இறந்தால் ஆணையும் இறக்கும்.

வேலையைச் செய்தவர் தளத்தின் பதிப்பாளர் அமிர்தகடேசன். பழைய எண்ணைத் தட்டுபவரைப் புதிய முகவரிக்கு அழைத்துச் செல்ல ஒவ்வோர் ஆணைக்கும் தளத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. நாற்பதாயிரம் ஆணைகள். ஏழு மாதத்தில் முடித்தார். அமைச்சருக்குப் பதக்கம் கிடைத்தது.

கோரையேரியின் கரையில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கரையூர் இருந்தது. மீன் பிடிப்பவர்கள், விற்பவர்கள். ஏரியின் நடுவில் மன்னருக்கு ஒரு மிதக்கும் மாளிகை கட்டத் தீர்மானமாயிற்று. மாளிகையின் சன்னலிலிருந்து பார்த்தால் அந்த வீடுகள் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆணை வெளியானது. தலைப்பு: ஏரிக்கரை மக்கள் வெளியேற்றம். பத்து மணிக்குள் கரையூர்ப் பலகையில் முகவரி ஏறிவிட்டது. சொற்களுக்கிடையே சிறு கோடுகள். தூய்மையாக இருந்தது.

பதினொரு மணிக்கு அமைச்சருக்குத் தேர்தல் ஞாபகம் வந்தது. இன்னும் இரண்டு மாதமே இருந்தது. தலைப்பை மாற்றச் சொன்னார். ஏரிக்கரை மக்கள் மகிழ்ச்சித் திட்டம் என்று அமிர்தகடேசன் மாற்றினார். உள்ளே இருந்த வாசகங்களை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவை புரியாத நடையில் இருந்ததால் மாற்றத் தேவையும் இல்லை.

அன்று மாலை, வறுத்த மீன் விற்கும் செம்பாயி நியாயவிலைக் கடைக்குப் போனாள். கடை எழுத்தர் மாசிலாமணி திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மகிழ்ச்சித் திட்டமாம் செம்பாயக்கா. நல்ல காலம் பொறந்துடுச்சு."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"மேல என்னமோ வெளியேற்றம்னு எழுதியிருக்கே."

"அது முகவரி."

"கீழ ஒண்ணு சொல்லுது, மேல ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பட்டும்?"

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து திரையின் மேற்புறத்தைப் படித்துவிட்டு, அரிசி வாங்காமல் திரும்பினார்கள்.

மறுநாள் வட்ட ஆணையர் வந்தார். அறுபது நாளில் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை வீட்டுக்கு வீடு கொடுத்தார். ஆணையின் முகவரி அதில் அச்சாகியிருந்தது. செம்பாயி அதைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்னங்க ஐயா?"

"முகவரி, அம்மா. முகவரியைப் படிக்கக் கூடாது. அதன் வழியாகப் போக வேண்டும். அவ்வளவுதான்."

"படிச்சாலே புரியணும்னுதானே இப்படி மாத்துனீங்க?"

"அது போன ஆண்டுக் கொள்கை," என்றார் ஆணையர்.

செய்தி தலைநகருக்குப் போனது. அமைச்சர் அமிர்தகடேசனை அழைத்தார்.

"தலைப்பை மாற்றிவிட்டாய் அல்லவா? முகவரி ஏன் மாறவில்லை?"

"முதலில் அடிக்கும் தலைப்பிலிருந்து முகவரி தானே உருவாகும், ஐயா. வெளியான பிறகு தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி அப்படியே இருக்கும்."

"யார் அப்படி அமைத்தது?"

"எல்லாத் தளத்திலும் அப்படித்தான்."

அமைச்சர் யோசித்தார். அன்று மாலையே ஆணை வந்தது. ஊர்ப் பலகைகள் அனைத்தும் வெள்ளையடிக்கப்படும். பொதுத்திரைகளின் மேற்புறத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணி ஒட்டப்படும். மக்களின் கண்களுக்கு ஓய்வளிப்பதே நோக்கம்.

அதன் பிறகு தாம் தட்டுவது இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. முதியோர் உதவித்தொகை கேட்ட மூதாட்டிக்கு இசைக்குழு வைத்துக்கொள்ள உரிமம் வந்தது. பிறப்புச் சான்று கேட்ட தகப்பனுக்குப் பன்றிப்பண்ணை அனுமதி வந்தது. விதைநெல் கேட்ட ஊருக்கு ஒன்றுமே வரவில்லை. அந்தப் பருவம் அங்கே நடவு நடக்கவில்லை. மக்கள் புதிய வசதிக்குப் பழகி வருவதாக அமைச்சர் அறிக்கை விட்டார்.

கரையூர்க்காரர்கள் பலகைக்கு வெள்ளையடிக்கும் முன்பே முகவரியை எழுதி வைத்திருந்தார்கள். செம்பாயி மீன் பொட்டலம் கட்டும் தாளில் எல்லாம் அதை எழுதினாள். வாங்குபவர்கள் கேட்டால், "ஒண்ணுமில்ல, மகிழ்ச்சித் திட்டம்," என்பாள். கோரையேரி விரால் தலைநகர்வரை போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு அமைச்சர் வீட்டுச் சமையலறைக்கும் போனது.

திங்களன்று அமைச்சர் நேராகத் தளத்தின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"முகவரியை மாற்று."

"மாற்றலாம், ஐயா. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்ப ஒரு வரி எழுதிவிட்டால் போதும்."

"அந்த வரியில் பழைய பெயர் இருக்குமா?"

"இருக்கும்."

"அழுக்கை அழுக்கால் துடைப்பதா? வரி வேண்டாம்."

"வரி இல்லாவிட்டால் பழைய முகவரி இறந்துவிடும், ஐயா. விதி ஒன்று இருக்கிறது..."

"விதியை எழுதியவன் நான். எனக்கே பாடமா?"

அமிர்தகடேசன் சொன்னதைச் செய்தார்.

அறிவிப்பின் அறுபது நாளில் இன்னும் பதினொரு நாள் மீதமிருந்தது. செம்பாயியும் நான்கு பேரும் அறிவிப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். நடுவர் பொறுமைசாலி. கறுப்புத் துணி ஒட்டாத திரை நாட்டில் அவரிடம்தான் இருந்தது. அறிவிப்பில் அச்சாகியிருந்த முகவரியைத் தானே தட்டினார்.

இப்பக்கம் இல்லை என்றது திரை.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "பக்கம் வேறு முகவரியில் நலமாக இருக்கிறது, மாண்புமிகு நடுவரே."

"அப்படியானால் அது வேறு ஆணை. அதற்கு இவர்களிடம் அறிவிப்பு கொடுத்தீர்களா?"

"இல்லை."

"முகவரி இறந்தால்?"

"ஆணையும் இறக்கும்," என்றார் வழக்கறிஞர் மெதுவாக.

கரையூரில் அன்று யாரும் மீன் விற்கவில்லை. பிடித்ததை எல்லாம் தாங்களே சாப்பிட்டார்கள். செம்பாயி கூரையில் பிய்ந்திருந்த கீற்றை மாற்றினாள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து அதைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

தலைநகரில் அமைச்சர் கோபப்படவில்லை. அமிர்தகடேசனுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"எங்கே பிசகினோம்? உண்மையைச் சொல்."

"முதலில் அடித்த தலைப்பில், ஐயா. முதல் எண்ணம் எதுவோ அதுவே முகவரியில் நிற்கும்."

"எண்ணத்தை மாற்ற வேண்டுமா?"

"தலைப்பை மாற்றினால் போதும், ஐயா. ஆனால் முதலிலேயே."

அமைச்சர் அவர் தோளைத் தட்டினார். நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் தனக்கு மட்டும் சொன்னது போல முகம் மலர்ந்திருந்தது.

தேர்தல் நடந்தது. மன்னர் தேர்ந்தெடுக்கப்பட்டார். திரைகளிலிருந்து கறுப்புத் துணிகள் நீக்கப்பட்டன. பலகைகள் மீண்டும் எழுதப்பட்டன. அதற்கு வெளிப்படைத் திருவிழா என்று பெயர். அந்த மாதம் நாடெங்கும் பல ஆணைகள் வந்தன. எந்த ஆணையிலும் தலைப்புக்கும் முகவரிக்கும் இடையே ஓர் எழுத்து வேறுபாடுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கரையூர்ப் பலகையில் புதிய முகவரி ஏறியது. ஏரிக்கரை-மக்கள்-பொன்வாழ்வு. மாசிலாமணி கடையைத் திறந்ததும் திரையில் தட்டினார். தலைப்பைப் படித்தார். முகவரியைப் படித்தார். இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட்டார். கூரை வேய்ந்த மிச்சக் கீற்றை வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்த செம்பாயியிடம் ஓடி வந்தார்.

"செம்பாயக்கா, இந்தத் தடவை பயமே இல்ல. மேலயும் பொன்வாழ்வு, கீழயும் பொன்வாழ்வு. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்."

செம்பாயி கீற்றைக் கீழே வைத்தாள்.

"எத்தனாந் தேதிக்குள்ளன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.