வெள்ள ஒத்திகையும் காதர் பாய் வீட்டுக் கல்யாணமும்

நான் போட்ட திட்டங்களில் எழுதியபடியே, ஒரு வரி பிசகாமல் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் விளைவாக, முன்பின் தெரியாத ஒருவர் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்த மதியச் சாப்பாட்டை, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்கு முன்பே நானும் என் தெருக்காரர்களும் சாப்பிட்டு முடித்தோம். திட்டத்தில் குறை எதுவும் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் கானாற்றை ஒட்டி எங்கள் தெரு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் கானாற்றில் தோல் கழுவிய தண்ணீர் மட்டும் ஒரு கோடு போல ஓடும். ஐப்பசியில் மலைப்பக்கம் பலமாகப் பெய்தால், தானும் ஓர் ஆறு என்பது அதற்குத் திடீரென்று நினைவுக்கு வரும். அப்படி நினைவு வந்த ஒரு காலையில் எங்கள் வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஆளுக்கொரு திசையில் ஓடினோம். சிலர் கானாற்றை நோக்கியே ஓடினார்கள் (ஏன் என்று கேட்டதற்கு, 'எவ்ளோ வருதுன்னு பாத்துட்டு வரலாம்னு' என்றார்கள்).

தண்ணீர் வடிந்ததும் தெருவில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். தலைவர் தேவசகாயம் சார், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். அடுத்த முறை வெள்ளம் வந்தால் யார், எப்படி, எங்கே போவது என்று திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, வேலூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். பட்டியல் போடாமல் என்னால் எதையும் யோசிக்க முடியாது. கோபம் வந்தால்கூடக் காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டுதான் கோபப்படுவேன் (அதற்குள் எதிராளி தூங்கப் போயிருப்பார்).

முதல் வேலை, போய்ச் சேர வேண்டிய இடம். மட்டம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வந்து ஊரில் ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் தரையையும் அளந்தேன். எங்கள் சர்ச் தரை தாழ்வு. பாஸ்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கோயில் அதைவிடத் தாழ்வு என்று தெரிந்ததும் வருத்தம் குறைந்தது. எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது மேட்டுத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அதைப் பார்த்துக்கொண்ட பெரியவரிடம் அனுமதி கேட்டேன்.

"ஆபத்துன்னு வர்றவங்களுக்கு இன்னாம்மா பர்மிஷன்? எப்ப வேணா வாங்க. கதவு தொறந்துதான் இருக்கும்" என்றார்.

'எப்ப வேணா' என்பதைக் கோப்பில் அப்படியே எழுதி, அடிக்கோடு போட்டு வைத்தேன்.

திட்டம் தயாரானது. நடக்க முடியாதவர்கள் முதலில். அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்க, ஷாப்பில் ஈரத் தோல் சுமந்து பழகிய ஆட்கள். (எங்கள் பக்கம் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் தொழிற்சாலை.) அடுத்து பிள்ளைக்காரிகள், அப்புறம் மற்றவர்கள். தண்ணீர் இழுக்கும் இடங்களில் கயிறு பிடிக்க ஒரு குழு. வீட்டுக்கு ஒரு மூட்டை: அதில் அவல், பொட்டுக்கடலை, மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொஞ்சம் கயிறு. கடைசியாகத் திட்டம் போட்டவள், அதாவது நான், ஒவ்வொரு வீடும் காலி என்று பார்த்துக் கதவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வர வேண்டும். மண்டபம் சேர்ந்ததும் உணவு. உணவுக்கு எதிரே 'கமிட்டி ஏற்பாடு' என்று எழுதியிருந்தேன். கமிட்டி அதைப் படித்துவிட்டு, நான் ஏற்பாடு செய்வதாக எடுத்துக்கொண்டது.

எழுதி வைத்தால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும் என்றேன். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த பிறகு. மண்டபத்துக்குச் சொல்லிவிடலாமா என்று தேவசகாயம் சார் கேட்டார். வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை, ஆகவே ஒத்திகையும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்றேன். இதை நான் எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

விசில் ஊதினேன். தெரு கிளம்பியது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பிலேயே இருந்தார்கள். மற்றவர்கள், நாலு பேர் பார்ப்பார்களே என்று அதற்குச் சமமாக உடுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். பட்டுப்புடவையில் நின்றாள். வெள்ளத்துக்கு எதற்குப் பட்டு என்று கேட்டேன்.

"இருக்கறதுலயே நல்லத தண்ணிக்கு உட்டுட்டு, பழசக் கட்டினு வரச் சொல்றியா?"

திட்டத்தில் உடை பற்றி வரியே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அவளுடைய மாமியாரை நாற்காலியோடு தூக்கினார்கள். வாழ்நாளில் முதல்முறையாக மருமகளுக்கு மேலே இருந்து பேசும் வாய்ப்பு என்பதால், அந்த அம்மாள் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்.

நான் கடைசியில் சாக்பீஸோடு வந்தேன். மேட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது மண்டபத்து வாசலில் பந்தல், சீரியல் பல்பு, பன்னீர்ச் செம்பு. காற்றில் பிரியாணி வாசனை. உள்ளே எங்கள் தெரு முழுவதும் பந்தியில் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். முனியம்மா அக்காவின் மாமியாருக்கு நாற்காலியிலேயே பரிமாறியிருந்தார்கள். எங்கள் மூட்டைகளை யாரோ பத்திரமாக வாங்கி ஓர் அறையில் அடுக்கியிருந்தார்கள். கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை, யாரும் தொலையவில்லை.

சாதாரணமாக ஒரு மனுஷிக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமை வந்தது. கமிட்டி இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உணவு என்ற இடத்தில் 'திருப்தி' என்று எழுதினேன். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது, வெள்ளை ஷெர்வானி போட்ட ஒருவர் என்னை நோக்கி வந்தார். கழுத்தில் விசிலும் கையில் கோப்புமாக இருந்ததால், பொறுப்பான ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்தான் காதர் பாய். ஒரு ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிப்பவர்.

"சாப்பாடு எல்லாம் நல்லா இருந்துச்சாம்மா? உங்க மொதலாளி பஸ் எங்க வந்துனு இருக்குது?"

எந்த முதலாளி என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவைச் சொன்னார். அவர் வாணியம்பாடியில் ஷாப்பு வைத்திருப்பவர். தன்னிடம் வேலை செய்கிறவர்களை முன்னால் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம். நல்ல உடுப்பில், மூட்டை மூட்டையாகப் பரிசுகளோடு, வயதானவர்களை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்ததைப் பார்த்ததும் காதர் பாய்க்குக் கண் கலங்கிவிட்டதாம். முதல் ஆளாக வந்த தேவசகாயம் சாரைக் கட்டித் தழுவியிருக்கிறார். (தலைவருக்கு இப்படித்தான் வரவேற்பு போலிருக்கிறது என்று சார் நினைத்துக்கொண்டாராம்.)

நான் கோப்பைத் திறந்து, தெருவின் வரைபடத்தைக் காட்டி, கானாற்றில் தொடங்கி முழுவதையும் விளக்கினேன். அவர் வரைபடத்தில் கானாற்றின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப வெள்ளம் வந்துடுச்சா?"

"இன்னும் வரலீங்க பாய். இது ஒத்திகை."

"ஓ" என்றார். நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பண்டாரி, அதாவது கல்யாணச் சமையல்காரர், ஒவ்வொரு அண்டாவாக மூடியைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றிலும் கரண்டிதான் இருந்தது.

காதர் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரே பொண்ணும்மா. சோறு இல்லாத ஊட்டுப் பொண்ணுன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க."

என்னிடம் பல பட்டியல்கள் இருந்தன. அந்த வரிக்கு எதிரே எழுத எதுவும் இல்லை.

பேச்சுக் கேட்டு முனியம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பட்டுப்புடவையை இடுப்பில் செருகினாள்.

"துன்னுட்டு ஏப்பம் உட்டுனு போறதுக்கா வந்தோம்? வெங்காயம் எங்க இருக்குது பாய்?"

அடுத்து நடந்ததற்கு என் திட்டம் அப்படியே பொருந்தியது என்பதுதான் வேடிக்கை. தூக்கும் குழு அரிசி மூட்டைகளைத் தூக்கி வந்தது. கயிறு பிடிக்கும் குழு விறகு கட்டி இழுத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கறிக்கடைகள் திறந்திருந்தன. எங்கள் தெருவில் யாருக்கு எந்தக் கடைக்காரர் தோஸ்த் என்று பார்த்து ஆட்களை அனுப்பினேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் அழுததால், என்னுடையது தனியாகத் தெரியவில்லை. மாமியார் நாற்காலியில் இருந்தபடியே எல்லோருடைய வேலையையும் குறை சொன்னார்.

பண்டாரி தம் போட நேரம் கேட்டார். அந்த நேரத்தில்தான் வாசலில் பஸ் வந்து நின்றது. முன்னால் வருவதாக இருந்த வேலையாட்களும் அதிலேயே இருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரை யாராவது பேச்சில் நிறுத்திவைக்க வேண்டும். ஒத்திகை முடிவில் பேசுவதற்காகத் தேவசகாயம் சார் ஒரு சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தார். அதைத் தவிர்க்க எப்படியெல்லாம் முடியும் என்று கமிட்டியே யோசித்துக்கொண்டிருந்தது. அவரிடம் போய், சார், பேசுங்க, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், என்றேன். வாழ்க்கையில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நிக்காஹ் முடிந்து துஆ ஓதியானதும் சார் எழுந்தார். வடகிழக்குப் பருவமழையில் தொடங்கினார். மலைச்சரிவு, மண்ணின் தன்மை, காட்டாறுகள் எங்கே பிறந்து எங்கே கலக்கின்றன என்று ஒவ்வொன்றாக வந்தார். மாப்பிள்ளை தலையில் பூச்சரத்தோடு அசையாமல் கேட்டார். அவருக்கு வேறு வழி இல்லை. நடுவில் சார் ஒரு கயிற்றை எடுத்து, நீரில் இறங்குபவரின் இடுப்பில் போட வேண்டிய முடிச்சை மாப்பிள்ளையின் இடுப்பிலேயே போட்டுக் காட்டினார். அதை அவிழ்ப்பதற்குள் பண்டாரி கதவோரம் வந்து தலையசைத்தார்.

சாப்பாடு நன்றாக இருந்ததென்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். பசித்தவர்கள் சொன்னது என்பதால் அதை நான் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. கை துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா காதர் பாயிடம் கேட்டார்:

"உங்க ஊர்ல கல்யாணத்தன்னிக்கு வெள்ளத்தப் பத்திப் பேசறது வழக்கமா?"

"எங்க பக்கம் அப்படித்தான்" என்றார் காதர் பாய், முகம் மாறாமல்.

பெண்ணை வழியனுப்பும்போது எங்கள் மூட்டைகளில் ஒன்றும் பரிசுகளோடு வாணியம்பாடிக்குப் போய்விட்டது. அன்று இரவே அங்கே கரண்ட் போய்விட்டதால், வந்த பொருள்களிலேயே உடனே பயன்பட்டது அந்த மெழுகுவத்தியும் தீப்பெட்டியும்தான் என்று பெண் பிறகு சொல்லி அனுப்பினாளாம்.

நான் காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவதற்குப் போவதற்குள், "உடு மா. என் ஊட்டுக் கல்யாணத்துல ஒரு தெருவே வந்து வேலை செஞ்சுதுன்னு நான் சொல்லிக்கறேன்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

அடுத்த ஐப்பசியில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. விடிந்ததும் விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், தெருவில் ஆளே இல்லை. வீடு வீடாகப் பார்த்தேன். எல்லாம் பூட்டு. திரும்பி வந்தால் எங்கள் வீடும் பூட்டியிருந்தது. நர்ஸாக எத்தனையோ பேரைக் காப்பாற்றிய என் அம்மா, என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பந்திக்கு உட்காருவதுபோல் வரிசையாக. யாருக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் காதர் பாய், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மழை வலுத்ததுமே எங்களுக்காக வந்து அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டாராம். பின்கட்டில் புகை வந்துகொண்டிருந்தது.

"வாம்மா. உன் ஆளுங்க முன்னாடியே வந்துட்டாங்க. இது நிஜமா, ஒத்திகையா?"

"நிஜம் பாய்."

"அப்ப செரி. போய் உக்காரு."

அன்றைக்கு வெறும் சோறும் பருப்பும்தான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் திட்டம் வெற்றி பெற்றது என்று தேவசகாயம் சார் பேசத் தொடங்கினார். சோறு வந்ததால் நிறுத்திக்கொண்டார்.

காதர் பாய்க்குத் தம்பிகள் அதிகம், தம்பி பிள்ளைகள் அதற்கும் அதிகம். அந்த வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் எங்களுக்குப் பத்திரிகை வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாதான் படிப்பார். அச்சடித்த பகுதியை வேகமாகத் தாண்டிவிட்டு, அடியில் காதர் பாய் பேனாவால் எழுதியிருக்கும் வரிக்கு வந்ததும் குரலை உயர்த்துவார்: 'மொத்தம் எத்தனை பேர் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

நாங்கள் வீட்டில் இரண்டே பேர். நானும் ஒவ்வொரு முறையும் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.