குதிகாலுக்கு பேரிங் கிரீஸ்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு என் இடது குதிகால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் முழு நலமாக இருக்க வேண்டும். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஓரடி வைத்தேன். அடுத்த அடியை நான் வைக்கவில்லை, அதுவே போய்விட்டது. வழுக்கிக்கொண்டே போய் நர்சம்மாவின் நாற்காலியைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். நல்லவேளை, அந்த அம்மா அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

காரணம், காலில் தடவியிருந்த பேரிங் கிரீஸ். சிரிக்காதீர்கள். முப்பது வருஷமாகப் பட்டறையில் கைகாலைப் பெட்ரோலில் கழுவி, ரப்பர் செருப்போடு திரிந்ததில் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. போன தடவை வந்தபோது நீங்கள் ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தீர்களே, ஆம்பளைக்கு எதுக்கு இந்த அலங்காரமெல்லாம் என்று அதை அலமாரியில் வைத்தேன், பிறகு குளியலறைக் கதவு கிறீச்சிடுகிறதே என்று அதன் கீலுக்குத் தடவினேன் (கதவு இப்போது மூச்சே விடுவதில்லை, நல்ல க்ரீம்தான்), காலுக்கு மட்டும், லாரிச் சக்கரத்தையே காப்பாற்றுகிற கிரீஸ் என்னைக் கைவிடுமா என்று டப்பாவைத் திறந்தேன். இரண்டே வாரத்தில் வெடிப்புக்குள் அழுக்கு ஏறி, சீழ் வைத்து, கால் வீங்கி, குளிர்ஜுரமும் வந்துவிட்டது. "இந்தக் காலோட மெத்தையில ஏறினீங்கன்னா மெத்தையத்தான் கொளுத்தணும், கெளம்புங்க" என்று உங்கள் அத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நம் பட்டறை வாடிக்கைக்காரர். காலைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் அண்ணே, ஆயில் சீல் கிழிஞ்சா இன்ஜின் என்னாகும்?" என்றார்.

"மண்ணு உள்ள போயிடும் சார். இன்ஜினே காலி."

"தோலும் சீல்தான் அண்ணே. அது கிழிஞ்சா கிருமி உள்ள பூந்துடும். என் வண்டியையும் இப்படித்தான் பாக்குறீங்களா?"

"உங்க வண்டி வந்தா பளபளன்னு தொடைப்பாரு, டாக்டர். சொந்தக் கால்னா மட்டும் வேலை இருக்கும்பாரு" என்றாள் அத்தை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் எகிறிக் கிடக்கிறது. புண் ஆறாமல் மேலே ஏறினால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்றார். அதுவரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன், மருந்துச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே முடிவு பண்ணிவிட்டேன் மாப்பிள்ளை. இனிமேல் பெட்ரோலில் கைகால் கழுவினால் என் பெயரை மாற்றிக் கூப்பிடுங்கள். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, புண்ணுக்கு மருந்தும் மற்ற இடத்துக்கு க்ரீமும் போடப்போகிறேன். இன்று காலையே பழைய பைக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். என் முகத்தைக்கூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பட்டறைக்கு மூடின ஷூ. மாத்திரையும் நேரம் தவறாது. எல்லாம் கட்டுக்குள் வந்துவிடும், லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசி. கால் முதல் தலை வரை நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: லீவு கிடைத்தால் வாருங்கள். நாளைக் காலை பட்டறையைத் திறக்கும் முன்பே மறுபடி டாக்டரிடம் போகிறேன், ஒரு பதிலைத் திருத்த. நேற்று என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே நின்றாள். "தெரியுது சார்" என்றேன். அவர் கேட்கும் வரை, இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.