கேப்பிடல் அண்ணனும் கோழிக்குஞ்சு வண்டியும்

சங்ககிரி லாரி ஆபீஸ்களில் ஆங்கிலச் சின்ன எழுத்தைப் பரம விரோதியாகப் பார்த்த மனிதர் எங்கள் கேப்பிடல் அண்ணன் ஒருவர்தான். ஆபீஸில் லோடு புக்கிங் பார்ப்பவர். கல்யாண வாழ்த்தைக்கூட வாட்ஸப்பில் கேப்பிடலில்தான் அனுப்புவார். கத்துகிறார் என்று நினைத்து, வாங்கியவர் சண்டைக்கு வந்ததாகக் கேள்வி.

"நம்பர் பிளேட்டுல எங்காச்சும் சின்ன எழுத்துப் பார்த்திருக்கீங்களா சாமி?" என்பார். இணைய முகவரிகளையும் அப்படித்தான் அடிப்பார். எங்கள் ஆபீஸ் தளமும் தாராளமாகத் திறந்துவிடும். அப்புறம் அவரோடு யார் பேச முடியும்?

போன சித்திரையில், நாமக்கல்லில் ஏற்றிய கோழிக்குஞ்சு வண்டி கேரள எல்லையில் நின்றுவிட்டது. டிரைவர் சலீம் பாய், கால்நடை டாக்டர் குஞ்சுகளுக்குக் கொடுத்த சர்டிபிகேட்டை எங்கள் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அதன் அடியில் அச்சடித்திருந்த இணைய முகவரியைச் சொன்னால், செக்போஸ்ட் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்களாம். பாயிடம் இருப்பது பட்டன் போன். படம் அனுப்ப வழியில்லை. வண்டி ஓடினால்தான் குஞ்சுகளுக்குக் காற்று. நின்றால் வெந்து செத்துவிடும்.

அண்ணன் போனில் வாசித்தார். "எல்லாமே கேப்பிடல்னு சொல்லுங்க பாய்!"

"அப்படி ஒரு பக்கமே இல்லைங்குதுங்கண்ணா."

மறுபடியும் வாசித்தார், இன்னும் உரக்க. கத்தினால் எழுத்து இன்னும் பெரிதாகும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இல்லீங்கண்ணா. ஓரத்துப் பெட்டியில குஞ்சுக கத்தறதையே நிறுத்திருச்சுங்க."

நான் சர்டிபிகேட்டை எட்டிப் பார்த்தேன்; முகவரியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்திருந்தன. "அண்ணா, தளத்துப் பேரை எப்படி வேணா அடிக்கலாம். அதுக்கப்புறம் வர்ற ஸ்லாஷ் கோட்டைத் தாண்டிட்டா, பேப்பர்ல இருக்கற மாதிரியேதான் அடிக்கோணும்!" என்று கத்தினேன்.

அவர் முகம் செத்துப்போனது. "அப்ப நாந்தான் வண்டியை நிறுத்தி வெச்சிருக்கனா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "பாய், பெரிய எழுத்துன்னா லாரி, சின்னதுன்னா மொபெட். ஆபீசர்கிட்ட அப்படியே சொல்லுங்க. லாரி கே, மொபெட் ஆர், மொபெட் டி, லாரி எம்..." ஒவ்வொரு மொபெட்டுக்கும் அவர் குரல் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்; வரவில்லை.

"தொறந்துருச்சுங்கண்ணா! கேட்டைத் தூக்கறாங்க!"

"வண்டியை எடுங்க பாய். போனை மட்டும் வெச்சிராதீங்க."

போனில் என்ஜின் இரைச்சல் கேட்டது. "குஞ்சுக கத்துதுங்களா?" என்றார் அண்ணன், மெதுவாக.

"கத்துதுங்கண்ணா. நல்லாக் கத்துதுங்க."

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பழையபடி எல்லாம் கேப்பிடல்தான். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் அடிக்கிற பக்கம் திறக்கும்வரை எழுந்து போக எனக்கு இன்றைக்கும் மனம் வருவதில்லை.