எல்லைக்கோட்டு அப்பாவுக்கு இடுப்பு வலி

நடுவர் வராவிட்டால்கூட ஆட்டத்தை ஒருமாதிரி ஒப்பேற்றிவிடலாம். எல்லைக்கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா வராவிட்டால் நடக்காது. அந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் மகளின் அணித் தொப்பி, மடியில் ஃபிளாஸ்க், மொட்டை மாடியைத் தாண்டி ஒருநாளும் பந்தெறியாத தோள், "லென்த்! லென்த்!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும் குரல்.

கலப்படமில்லாத மாதிரி ஒன்று வேண்டுமானால் வடக்கே தாபோடிப் பக்கம் வாருங்கள். பெயர் சூர்யநாராயணன், வங்கி மேலாளர். மகள் வைஷுவுக்குப் பதினான்கு வயது. ஒரே வருடத்தில் நான்கு அங்குலம் வளர்ந்தவள், வேகப்பந்து வீசுகிறாள். மாவட்ட அணித் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

வளர்கிற உடம்பு, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் பந்து வீசக் கூடாது என்றார் பள்ளிக்கூட கோச். சரி என்றார் சூர்யநாராயணன். லோஹேகாவ் கிளப்பின் கோச்சும் அதையே சொன்னார். அதற்கும் சரி. பிம்ப்ரியில் பயிற்சி கொடுப்பவரும் மூன்று நாள் என்றபோது பயபக்தியோடு தலையாட்டினார். ஒருவர் சொல்லையும் தட்டவில்லை. ஒருவரிடமும் மற்ற இருவரைப் பற்றி மூச்சு விடவும் இல்லை. ஆக, வைஷு வாரத்துக்கு ஒன்பது நாள் பந்து வீசினாள். வாரத்துக்கு ஏழு நாள்தானே என்கிறீர்களா? காலை என்று ஒன்று இருக்கிறது, மாலை என்று ஒன்று இருக்கிறது. மனமுண்டானால் மார்க்கமுண்டு.

"அப்பா, கமர்ல... இடுப்புல வலிக்கறது. பால் போடறச்சே பின்னாடி வளைஞ்சா சுருக்குங்கறது."

"வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும். தைலம் தேச்சுக்கோ. செலக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்."

இப்படி இரண்டு மாதம் தைலத்திலேயே ஓடியது.

அப்புறம் ஒரு நாள் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தபோது சூர்யநாராயணனுக்கே இடுப்பில் ஒரு பிடிப்பு. அடேயப்பா, வீடு பட்ட பாடு! ஐந்து நாள் விடுப்பு, எம்.ஆர்.ஐ., இடுப்புக்குப் பட்டை, முதுகுக்குத் தலையணை, தலையணைக்கு ஒரு தலையணை, சென்னை முதல் திருச்சிவரை உறவுக்காரர்களுக்கெல்லாம் போன். "முதுகெலும்பு சமாச்சாரம், விளையாட்டில்லே" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பக்கத்தில் வைஷு உட்கார்ந்து தனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வலியை ஹிந்தியில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. அதனால் தமிழ் பேசும் பிசியோதெரபிஸ்ட் நீலாவைத் தேடிப் பிடித்தார். தலையணையைத் தூக்கிவர வைஷு வேண்டுமே, அவளும் போனாள். தோளில் அவளுடைய கிட் பையும் இருந்தது. அங்கிருந்து நேரே பிராக்டீஸ்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பையை இறக்கியதை நீலா பார்த்துவிட்டாள்.

"இங்க வாம்மா. ஒத்தக் கால்ல நின்னு பின்னாடி வளை."

பாதி வளைவதற்குள் வைஷு முகம் சுளித்து மேஜையைப் பிடித்தாள்.

"வாரத்துக்கு எத்தனை நாள் பௌலிங்?"

"மூணு நாள்னு சொல்லு" என்றார் அப்பா.

"மூணு... ஹர் டீம்கே லியே, ஒவ்வொரு டீமுக்கும். தீன் டீம், ஆன்ட்டி. நைன்."

நீலா பேனாவைக் கீழே வைத்தாள். "சார், உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாற்காலிய மாத்துங்க. ஸ்கேன் இவளுக்குத்தான் எடுக்கணும்."

எடுத்தார்கள். கீழ்முதுகு எலும்பில் மெல்லிய விரிசல். குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்றார் எலும்பு டாக்டர். நல்ல வேளை, ஆறிவிடும். இன்னும் இரண்டு வாரம் தைலம் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

"மூணு மாசமா? அப்போ செலக்‌ஷன்?" என்றார் சூர்யநாராயணன்.

வைஷு வேறு ஒன்று கேட்டாள். "சண்டே தூங்கலாமாப்பா?"

அவருக்கு லென்த் தெரியும், லைன் தெரியும்; இது தெரியவில்லை.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கு நீச்சல்தானே? இல்லை, பேட்மிண்டனா? முதுகுக்குத் தலையணையை வாகாக வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படியுங்கள். நடுவில் உள் அறையிலிருந்து, ஏதோ வலிக்கிறது என்று உங்கள் பிள்ளையின் குரல் வந்தது போலிருந்ததே. என்ன பதில் சொன்னீர்கள்?